அரண்மனைக்குள் போட்ட கட்டில்கள்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீ கட்டடம் கட்டுறவன், கட்டடத்தைப் பத்தி இருபது நிமிஷம் பேசு. ஃபார்முலா வேண்டாம். குடும்பத்தோடு வந்திருக்கிறவங்க எழுந்து சாப்பிடப் போயிடுவாங்க" என்றார். ஃபார்முலா இல்லை. ஆனால் பந்தி வைக்கும் நேரத்துக்குள் முடிப்பேனா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வேலை நிமித்தமாக ஆறு மாதம் இங்கிலாந்தின் தென் கடற்கரையில் இருக்க நேர்ந்தது. தங்கியிருந்த ஊரிலிருந்து பிரைட்டன் அரை மணி நேர ரயில். ஞாயிற்றுக்கிழமை வேறு போக்கிடம் கிடையாது. முதல் முறை ஸ்டேஷனிலிருந்து இறங்கி கடற்கரைப் பக்கம் நடந்தவன், தெரு திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டேன். ஆங்கிலேயர் ஊரின் நடுவில், சாம்பல் நிற வானத்துக்குக் கீழே, வெங்காயம் வெங்காயமாகக் குவிமாடங்கள், நாலு பக்கமும் மினார்கள், கல்லில் செதுக்கிய ஜாலி வேலை. லக்னோவிலிருந்து யாரோ பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது. ராயல் பெவிலியன் என்று பெயர். ஒரு இளவரசன் கடற்கரையில் ஓய்வெடுக்கக் கட்டிக்கொண்ட வீடு. முதல் உலகப் போரின்போது நம் நாட்டுச் சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாக இருந்த வீடு. அந்த வீட்டின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பிரைட்டன் ஊரே வைத்தியத்தால் வளர்ந்த ஊர் என்று சொன்னால் தப்பில்லை. ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற டாக்டர் 1750-ல் கடல் தண்ணீர் வியாதிக்கு மருந்து என்று புத்தகம் எழுதினார். குளிப்பதற்கு மட்டும் இல்லை, குடிப்பதற்கும்! மீன்பிடி கிராமமாக இருந்த இடத்துக்குப் பணக்காரர்கள் படையெடுத்தார்கள். அப்படி 1783-ல் வந்தவர்தான் வேல்ஸ் இளவரசர் ஜார்ஜ். பின்னால் நான்காம் ஜார்ஜ் மன்னர். கடன், சாப்பாடு, கேளிக்கை மூன்றிலும் அளவு தெரியாதவர். முதலில் அங்கே ஒரு சாதாரண வீட்டில் குடியிருந்தார். 1787-ல் ஹென்றி ஹாலண்ட் என்ற கட்டடக் கலைஞர் அதை இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு வட்ட மண்டபம் வைத்து, ஐரோப்பியப் பாணியில் அடக்கமான மாளிகையாக்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு குதிரைகளுக்கு லாயம் கட்டினார்கள். 1803-லிருந்து 1808 வரை, வில்லியம் போர்டன் என்பவர் கட்டினார். சுமார் 80 அடி விட்டத்தில் மரச் சட்டமும் கண்ணாடியுமாக ஒரு குவிமாடம். உள்ளே வட்டமாகக் குதிரைகள். எஜமானர் வீட்டைவிடக் குதிரை லாயம் எடுப்பாக இருக்கிறது என்று ஊரார் கேலி பேசினார்களாம். சாரத்தைப் பிரித்தால் குவிமாடம் நிற்குமா என்ற பயம் கட்டியவருக்கே இருந்ததாம். அந்தப் பயத்தை நான் முழுதாக நம்புகிறேன். சென்டரிங் பிரிக்கும் நாளில் என் வயிற்றுக்குள் இன்றைக்கும் அதே பயம்தான்.

இந்த லாயத்தைத்தான் முதலில் இந்திய பாணியில் கட்டினார்கள். போர்டன் இந்தியாவைப் பார்த்தவர் இல்லை. பிறகு எப்படி? தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஓவியர்கள் இந்தியா முழுக்கச் சுற்றி வரைந்த படங்கள் 1795 முதல் புத்தகங்களாக வந்துகொண்டிருந்தன. 1792-ல் அவர்கள் நம் பக்கமும் வந்திருக்கிறார்கள். திருச்சி மலைக்கோட்டை, தஞ்சைப் பெரிய கோயில், மதுரை எல்லாம் வரைந்தார்கள். ஆனால் பிரைட்டனில் எடுபட்டது வடக்கத்தி மொகலாயப் பாணி. நம் கோபுரம் ஒன்றுகூட அங்கே போகவில்லை. தமிழனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

1815-ல் ஜான் நாஷ் வந்தார். 1822 வரை வேலை நடந்தது. இவரும் இந்தியா போகாதவர், அதே ஓவியப் புத்தகங்களைப் புரட்டியவர். வெளியே இந்தியா, உள்ளே சீனா என்று ஒரு கலவை செய்தார். டிராகன்கள், மூங்கில், தாமரை விளக்குகள். எனக்கு அழகு பற்றி அபிப்பிராயம் சொல்லும் தகுதி கிடையாது. என் மனைவிக்கு அது "கல்யாண மண்டபம் மாதிரி" தெரிந்தது. அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நான் பார்த்தது வேறு.

நாஷ் பழைய வீட்டை இடிக்கவில்லை, சார். ஹாலண்ட் கட்டிய சுவர்களை வைத்துக்கொண்டே, அதன் மேலும் சுற்றியும் வார்ப்பிரும்பில் ஒரு கூடு கட்டி, குவிமாடத்தின் பாரத்தை அந்தக் கூட்டின் மேல் இறக்கினார். சன்னமான பழைய சுவர் அந்தப் பெரிய வெங்காயத்தைத் தாங்காது என்று அவருக்குத் தெரியும். பழையது உள்ளே, புதியது வெளியே. இன்றைக்கு நாம் பழைய கட்டடத்துக்கு ஸ்டீல் ஃபிரேம் கொடுக்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். அதுவரை பாலத்துக்கும் மில்லுக்கும் பயன்பட்டுக்கொண்டிருந்த வார்ப்பிரும்பை வீட்டுக்குள் கொண்டுவந்தார். மாடிப்படி வார்ப்பிரும்பு, ஆனால் பார்த்தால் மூங்கில். தட்டிப் பார்த்தால்தான் தெரியும். நான் தட்டினேன், காவலர் முறைத்தார்.

சமையலறையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. உயரமான கூரை. மேலே சுற்றிலும் ஜன்னல், வெளிச்சமும் கொட்டும், புகையும் சூடும் மேலே ஏறிப் போய்விடும். கூரையைத் தாங்க நாலு வார்ப்பிரும்புத் தூண்கள், தலையில் செம்புத் தகட்டால் செய்த பனை ஓலைகள். பனைமரம் நிற்கும் அடுப்படி! குழாயில் தண்ணீர் வசதி, பாத்திரம் சூடு ஆறாமல் இருக்க நீராவியில் சூடாகும் மேசை. கரேம் என்ற பேர் பெற்ற பிரெஞ்சுச் சமையல்காரர் இங்கே வேலை பார்த்தார். 1817 ஜனவரியில் ஒரு விருந்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பதார்த்தங்கள் செய்தார்கள். இந்த அடுப்படியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரப் போகிறோம்.

இவ்வளவு சாமர்த்தியசாலி நாஷ் ஒரு இடத்தில் கோட்டை விட்டார். கூரை. புதிதாக வந்திருந்த ஒரு வகை மாஸ்டிக் பூச்சை, எண்ணெய் கலந்த காரை மாதிரியான சரக்கு, விற்றவர் பேச்சை நம்பிக் கூரையின் மேல் பூசினார். கீழே இருப்பது இரும்பும் மரமும். வெயிலில் ஒன்று ஒரு அளவு விரியும், இன்னொன்று வேறு அளவு விரியும். பூச்சு வெடித்தது. கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே ராஜாவின் அரண்மனை ஒழுகியது. மினார்களுக்குள் கொடுத்த இரும்பும் பின்னாளில் வம்பு செய்தது. கல்லுக்குள் இருக்கும் இரும்பு துருப்பிடித்தால் பருமனாகும், கல்லைப் பிளக்கும். கடற்கரை உப்புக் காற்று வேறு. வாட்டர்புரூஃபிங் கம்பெனிக்காரர் பத்து வருஷம் கியாரண்டி என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு நாஷ் ஞாபகம் வருவார்.

இடையில் ஒரு செய்தி. அந்த ராஜாவுக்கு வாத நோய், உடம்பும் பருமன். அவருக்கு "ஷாம்பூ சர்ஜன்" என்று பட்டம் பெற்றிருந்தவர் யார் தெரியுமா? பாட்னாவில் 1759-ல் பிறந்த ஷேக் தீன் முகமது. பிரைட்டன் கடற்கரையில் மூலிகை நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுவதுமாகப் பெரிய நிலையம் நடத்தினார். நாம் தலைக்குப் போடும் ஷாம்பூவின் பெயரே பிடித்துவிடுவதைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து போனது. ஆக, இந்திய வீட்டில் இருந்த ஆங்கில ராஜாவுக்கு வைத்தியம் பார்த்தவர் இந்தியர். நூறு வருஷம் கழித்து அதே வீட்டில் இது தலைகீழாக நடந்தது.

ஜார்ஜ் 1830-ல் இறந்தார். விக்டோரியா மகாராணிக்கு இந்த வீடு பிடிக்கவில்லை. சுற்றிலும் ஊர், எட்டிப் பார்க்கும் ஜனம், பிள்ளைகுட்டிகளோடு தங்கத் தோதில்லை. 1845-க்குப் பிறகு வரவில்லை. இடித்து நிலத்தை விற்பது என்று யோசனை நடந்தது. விளக்கு, கணப்பு, சுவர்ச் சித்திரம் என்று கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றி லண்டனுக்கு ஏற்றினார்கள். அப்போது ஊர்க்காரர்கள் கூடினார்கள். வாங்கலாம் என்று பாதிப் பேர், இந்த வெள்ளை யானை நமக்கெதற்கு, வரி ஏறும் என்று பாதிப் பேர். மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வாங்கலாம் என்ற கட்சி ஜெயித்தது. 1850-ல் 53,000 பவுண்டுக்கு ஊர் வாங்கியது. 1867-ல் குதிரை லாயம் கச்சேரி மண்டபமானது.

1850 என்ற வருஷத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது 1914-க்கு வருகிறேன்.

போர் தொடங்கிய இரண்டு மாத வாக்கில் லாகூர், மீரட் டிவிஷன்களின் இந்தியச் சிப்பாய்கள் மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். அக்டோபரில் பெல்ஜியத்தில் ஈப்ர் பக்கத்தில் நேரே பதுங்குகுழிக்குள் அனுப்பினார்கள். பஞ்சாபிகள், கூர்க்காக்கள், பட்டாணியர்கள், கடுவாலிகள். வெப்ப நாட்டு உடுப்போடு வந்தவர்களுக்கு அந்தக் குளிர். காயம்பட்டவர்கள் கப்பல் கப்பலாகத் தெற்கு இங்கிலாந்துக்கு வந்தார்கள். இருந்த ஆஸ்பத்திரிகள் போதவில்லை. பிரைட்டன் ஊர் பெவிலியனையும், குதிரை லாயமாக இருந்த டோமையும், பக்கத்திலிருந்த தானிய மண்டபத்தையும் கொடுத்தது. ஒரு பள்ளிக்கூடமும், ஊருக்கு வெளியே ஏழைகள் விடுதியாக இருந்த பெரிய கட்டடமும் சேர்ந்து ஆஸ்பத்திரிகளாயின. போர்க்காலத்தில் பிரைட்டனில் சிகிச்சை பெற்ற இந்தியர்கள் சுமார் 12,000 பேர்.

ஒரு மாதத்துக்குள் அந்த மாளிகையை 700-க்கும் மேற்பட்ட கட்டில்கள் கொண்ட ஆஸ்பத்திரியாக மாற்றிவிட்டார்கள். டிசம்பரில் முதல் நோயாளிகள் வந்து இறங்கினார்கள். இதை மட்டும் ஒரு என்ஜினீயராக நின்று யோசித்தேன். விருந்துக்குக் கட்டிய வீடு. 700 பேருக்குக் கழிப்பறை வேண்டும், குளியலறை வேண்டும், சாக்கடை தாங்க வேண்டும், வெந்நீர் வேண்டும், எக்ஸ்ரே அறை வேண்டும். புதிதாகக் குழாய் இழுத்தார்கள். தரையில் லினோலியம் விரித்தார்கள். சித்திரச் சுவர்களை மறைத்துப் பலகை அடித்தார்கள். சரவிளக்குகளைக் கழற்றவில்லை. ஒரு டன் எடையுள்ள விருந்து மண்டபத்து விளக்கு, 30 அடி நீளம், அதை ஒரு டிராகன் நகத்தில் பிடித்துக்கொண்டு தொங்குகிற மாதிரி. அதன் கீழே வரிசையாக இரும்புக் கட்டில்கள், தலைப்பாகையோடு படுத்திருக்கும் நம் ஆட்கள். அந்தப் புகைப்படங்களை நீங்கள் பார்க்க வேண்டும். எனக்கு இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் எங்கே வைத்தார்கள்? அந்த அடுப்படியில்! பனைமரத் தூண்களுக்கு நடுவில். முதலில் கேட்டதும் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால் அந்த வீட்டிலேயே அதைவிடப் பொருத்தமான அறை கிடையாது. உயரத்திலிருந்து வெளிச்சம், காற்றோட்டம், குழாயில் தண்ணீர், கழுவிவிடத் தோதான தரை. நாஷ் ஒரு சமையல்காரருக்காக யோசித்ததெல்லாம் சர்ஜனுக்கும் அப்படியே பொருந்தியது. நல்ல அறையாக இருந்தால் வேலை மாறினாலும் அறை ஈடுகொடுக்கும். நான் வரையும் அறைகள் எதற்கும் இந்த யோக்கியதை உண்டா என்று சந்தேகமாக இருக்கிறது.

அடுப்படி போய்விட்டது, சமையல்? வெளியே ஒன்பது சமையல்கூடங்கள் போட்டார்கள். ஒன்பது! இந்துக்களுக்கு, முஸ்லிம்களுக்கு, சீக்கியருக்கு, அதிலும் மாமிசம் சாப்பிடுகிறவர்க்கு, சாப்பிடாதவர்க்கு என்று. ஒவ்வொரு வார்டிலும் இரண்டு தண்ணீர்க் குழாய், ஒன்று இந்துக்களுக்கு, ஒன்று முஸ்லிம்களுக்கு. ஆடு வெட்டவும் தனித்தனி இடம். அறிவிப்புகள் உருது, இந்தி, குர்முகி மூன்றிலும். தோட்டத்தில் கூடாரம் அடித்துச் சீக்கியர்களுக்குக் குருத்வாரா, கிழக்குப் புல்வெளியில் முஸ்லிம்கள் தொழ இடம். நம் விடுதியில் சைவ மெஸ், அசைவ மெஸ் இரண்டை நடத்தவே வார்டன் சார் பட்ட பாடு நமக்குத் தெரியும். அக்கறை என்பதா, 1857 ஞாபகத்தில் வந்த ஜாக்கிரதை என்பதா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மதத்தில் கை வைத்தால் என்ன நடக்கும் என்று அந்த அரசாங்கத்துக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது அந்த 1850-க்கு வருவோம். ராஜா தன் சொந்த அரண்மனையையே காயம்பட்ட இந்தியச் சிப்பாய்க்குக் கொடுத்துவிட்டார் என்று பிரசாரம் செய்தார்கள். தபால் அட்டைகள் அச்சிட்டார்கள். ஆங்கிலம், உருது, குர்முகி மூன்று மொழியிலும் புத்தகமே போட்டார்கள். சிப்பாய்களும் ஊருக்கு எழுதினார்கள், மகாராஜாவின் அரண்மனையில் படுத்திருக்கிறேன், இது சொர்க்கம் என்று. ஆனால் அரண்மனை அறுபத்து நாலு வருஷமாக ராஜாவுடையது இல்லை. வீட்டு வரி கட்டிய பிரைட்டன் ஜனங்களுடையது. கொடுத்தது ஊர், பெயர் வாங்கியது ராஜா. இந்த மாதிரி உபயம் நமக்குப் பழக்கமானதுதான், கோயில் டியூப் லைட்டில் பெயர் எழுதுவது மாதிரி.

சொர்க்கத்துக்கு முள்வேலியும் இருந்தது. சிப்பாய்கள் ஊருக்குள் இஷ்டப்படி நடமாடக் கூடாது. வெள்ளைக்காரப் பெண்களோடு பேசிவிடுவார்களோ என்று கவலை. ஆங்கில நர்சுகளை 1915-ல் நேரடிச் சிகிச்சையிலிருந்து விலக்கி, மேற்பார்வையோடு நிறுத்தினார்கள். ஏழைகள் விடுதியில் வைத்த ஆஸ்பத்திரியில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அங்கே பணியாற்றிய ஒரு இந்திய உதவி மருத்துவர், ஆத்திரத்தில் தன் தலைமை அதிகாரியையே சுட முயன்றார். எல்லாவற்றையும்விட அவர்களை உறுத்தியது வேறு: குணமானதும் திரும்பவும் போர்முனைக்கே அனுப்பினார்கள். ஒரு முறை காயம்பட்டால் கடன் தீர்ந்தது, இனி ஊருக்கு என்று நம்பி வந்தவர்கள் அவர்கள்.

கடிதங்களை எல்லாம் தணிக்கை அதிகாரிகள் படித்தார்கள். அதனால் சிப்பாய்கள் பரிபாஷையில் எழுதினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டே வருகிறது, சிவப்பு மிளகாயை அளந்து அளந்து போடுகிறார்கள் என்கிற மாதிரி ஒரு கடிதம். கறுப்பு மிளகு யார், சிவப்பு மிளகாய் யார் என்று இந்தச் சபைக்கு விளக்க வேண்டியதில்லை. தணிக்கை அதிகாரிக்கும் விளங்கிவிட்டது. அதனால்தான் அந்தக் கடிதம் கோப்பில் ஏறி நமக்குக் கிடைத்தது.

1915 ஆகஸ்ட் 25-ந் தேதி ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நேரில் வந்து, பெவிலியன் புல்வெளியில் மீர் தஸ்த் என்ற பட்டாணிய அதிகாரிக்கு விக்டோரியா கிராஸ் அணிவித்தார். ஏப்ரலில் ஈப்ர் பக்கத்தில் ஜெர்மானியர் விஷவாயு விட்டபோது, சிதறிய வீரர்களைத் திரட்டி நிறுத்தி, காயம்பட்டவர்களைச் சுமந்து வந்தவர். பதக்கம் உயர்ந்ததுதான், ஆனால் இந்த வாயு என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை, என் கதை முடிந்தது என்ற பொருளில் அவர் ஊருக்கு எழுதினார். அவர் சகோதரர் மீர் மஸ்த், அதே போரில், சில வாரம் முன்னால் ஜெர்மானியர் பக்கம் போய்விட்டவர். ஒரே வீட்டுப் பிள்ளைகள். இதற்குமேல் இதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

1915 கடைசியில் இந்தியக் காலாட்படையை மெசபடோமியாவுக்கு மாற்றினார்கள். 1916 தொடக்கத்தில் இந்திய ஆஸ்பத்திரி மூடியது. பிறகு 1920 வரை, கை கால் இழந்த ஆங்கிலச் சிப்பாய்களுக்கு அதே கட்டடம் ஆஸ்பத்திரியாக இருந்தது. பட்டறைகள் போட்டு, எலெக்ட்ரிகல் வேலை, தச்சு வேலை எல்லாம் கற்றுக்கொடுத்தார்கள்.

இறந்த இந்துக்களையும் சீக்கியர்களையும் ஊருக்கு வெளியே, பாட்சம் என்ற இடத்துக்கு மேலே குன்றில் தகனம் செய்து, அஸ்தியைக் கடலில் கரைத்தார்கள். 53 பேர். முஸ்லிம்களை வோக்கிங் மசூதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். சிதை மூட்டிய இடத்தில் பளிங்கில் ஒரு சத்ரி நிற்கிறது, எட்டுத் தூண், ஒரு குவிமாடம். வடிவமைத்தவர் பம்பாயைச் சேர்ந்த ஈ.சி. ஹென்றிக்ஸ். 1921 பிப்ரவரி 1-ந் தேதி வேல்ஸ் இளவரசர் திறந்து வைத்தார். அங்கே கார் போகாது. ஆடு மேயும் மேட்டில் நடந்துதான் ஏற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறினேன். சரியான காற்று, குடை மடங்கிவிட்டது. 2010-ல் 53 பெயர்களையும் கல்லில் பொறித்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன். எந்தப் பெயரும் நம் ஊர்ப் பெயர் இல்லை. இருந்தாலும் ஏதோ ஒரு துஷ்டிக்குப் போய்விட்டு வந்த மாதிரி, அறைக்குத் திரும்பியதும் குளிக்கத் தோன்றியது. குளித்தேன்.

அந்த வீடு பட்ட பாடு அதோடு முடியவில்லை. 1975-ல் யாரோ தீ வைத்து இசை மண்டபம் எரிந்தது. பதினோரு வருஷம் பாடுபட்டுச் சரிசெய்தார்கள். 1987 அக்டோபரில் பெரும்புயல், உச்சியிலிருந்த ஒரு கல் உருண்டை கழன்று, கூரையைப் பிய்த்துக்கொண்டு அதே இசை மண்டபத்தின் புதுக் கம்பளத்தில் வந்து விழுந்தது. "விட்டுத் தொலையுங்கள்" என்று யாரும் சொல்லவில்லை. மறுபடி சாரம் கட்டினார்கள்.

இதையெல்லாம் இங்கே ஏன் சொல்கிறேன் என்று சிலருக்கு இந்நேரம் புரிந்திருக்கும். மேடையில் இருப்பவர்கள் கொஞ்சம் நெளிவதும் தெரிகிறது.

நம் வளாகத்தில் கிழக்கு கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பங்களா. கல்லூரி வருவதற்கு முன்னால் யாரோ ஒரு மிராசுதார் குடியிருந்த வீடு. நமக்குத் தெரிந்தது அது டிஸ்பென்சரியாக. காய்ச்சல் என்றாலும் வயிற்றுவலி என்றாலும் ஒரே கலர் மருந்து. இரண்டாம் வருஷம் எனக்கு அம்மை போட்டியபோது, விடுதியில் வைத்துக்கொள்ள முடியாது என்று பின்பக்க அறையில் பதினோரு நாள் படுக்க வைத்தார்கள். அண்ணாந்து பார்த்தால் தேக்குக் கட்டைகள். இருபத்து மூன்று. வேறு வேலை இல்லாததால் எண்ணியிருக்கிறேன். செங்கலைக் குத்துக்கல்லாக வைத்துச் சுண்ணாம்பில் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் அது என்று மூன்றாம் வருஷ வகுப்பில் பாடம் நடத்தியபோது, வகுப்பில் எனக்கு மட்டும் உடனே விளங்கியது. சார், உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

அதை இடித்துவிட்டு முன்னாள் மாணவர் அரங்கம் கட்டுவது என்று நம் சங்கத்தில் பேச்சு. ஒழுகுகிறது, கட்டை உளுத்துவிட்டது, ஆபத்து என்கிறார்கள். "நீதான் ஸ்ட்ரக்சுரல் ஆளாச்சே, ரெண்டு பக்கத்துல ஒரு ரிப்போர்ட் கொடுத்துடு" என்று என்னையும் கேட்டார்கள். அரங்கம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த இரண்டு பக்கத்தை நான் இன்னும் எழுதவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

படித்து முடித்து ஐந்து வருஷம் இருக்கும். ஒரு ஊரில் இதே மாதிரி ஒரு பழைய வீடு, நர்சிங் ஹோமாக இருந்தது. ஊர் பெயர் வேண்டாம். உரிமையாளருக்கு இடிக்க அவசரம், எனக்கு அடுத்த சைட்டுக்கு ஓட அவசரம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன், ஈரம், உப்புப் பூத்த சுவர், விரிசல். மாடிக்கு ஏணி இல்லை என்றார்கள், நானும் கேட்கவில்லை. பழுது பார்க்க இயலாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இடிக்கிற அன்றைக்குப் போனேன். மேஸ்திரி கூப்பிட்டுக் காட்டினார். மழைத்தண்ணீர் போகும் குழாய் வாயில் அரசமரக் கன்று முளைத்து, வேர் குழாயை அடைத்திருந்தது. தண்ணீர் தேங்கிச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. அந்த ஒரு மூலை தவிர மீதிக் கட்டைகளெல்லாம் இரும்பு மாதிரி இருந்தன, வாள் இறங்கவில்லை. "நல்ல வீடு சார், பாவம்" என்றார் மேஸ்திரி. தேக்கை லாரியில் ஏற்றி விற்றார்கள். நான் வாங்கிய ஃபீஸைவிட ஒரு கட்டை அதிக விலைக்குப் போயிருக்கும். அந்த ரிப்போர்ட்டின் நகல் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

நம் பங்களா பிழைக்குமா என்பது எனக்கு இப்போது தெரியாது. உண்மையிலேயே உளுத்திருக்கலாம். அப்படியானால் அதையும் எழுதுவேன், இடிக்கவே சொல்வேன். ஆனால் கீழே நின்று எழுத மாட்டேன்.

நாளைக் காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், மேலே ஏறுகிறேன். ஏணிக்கு விடுதியில் சொல்லியாயிற்று. சுத்தியல், டார்ச், தேங்காய்க் கயிறு எல்லாம் கொண்டுவந்திருக்கிறேன். ஒரே ஒரு உதவி வேண்டும். கிழக்குச் சுவர் ஓரமாகப் பழைய மழைக் குழாய் ஒன்று இறங்கியிருக்க வேண்டும், நான் படித்த காலத்திலேயே அது கண்ணில் படவில்லை. சிமென்ட் பூச்சுக்குள் மறைந்திருக்கலாம். எந்த இடத்தில் இறங்கியது என்று ஞாபகம் உள்ள மூத்தவர்கள் யாராவது இருந்தால், தயவு செய்து காலையில் அங்கே வாருங்கள். மேலே ஏற வேண்டாம், கீழே நின்று கை காட்டினால் போதும். காபி ஃபிளாஸ்க்கில் கொண்டுவருகிறேன்.